மிலிட்டரி சாமிக்கு வீட்டிலிருந்து ஒரு சேதி

இன்று காலை பீரோவைத் திறந்ததும் சுருட்டு நாற்றம் குப்பென்று அடித்தது. நேற்று ஊருக்குக் கட்டிக்கொண்டு போன அரக்குப் புடவையைத் துவைக்கப் போடாமல், இருந்த அலுப்பில் அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட்டேன். உங்கள் எதிரில் நின்றுவிட்டு வந்த புடவை அது. யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பீடி பற்றவைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிற மனுஷன் நீங்கள். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் யாராவது ஒரு சுருட்டைப் பற்றவைத்து உங்கள் கல்லுக்கு முன்னால் செருகிவிட்டுப் போகிறார்கள். பக்கத்திலேயே ஒரு குவார்ட்டர் பாட்டிலும் இருக்கிறது. அதையும் நீங்கள் தொட்டதில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சாமி ஆகிவிட்டீர்கள். ஊரில் உங்களுக்கு மிலிட்டரி சாமி என்று பெயர்.

முதலில் அது வெறும் கல்தான். நீங்கள் போன அடுத்த வருஷம், ஏரிக்கரைக்குத் திரும்பும் முனையில் வைத்தார்கள். உங்கள் பெயர், ரெஜிமென்ட், பதக்கம், தேதி. அதற்கு மேலே மார்பளவில் ஒரு சிலை. சிலையில் இருக்கும் மீசை உங்களுடையது இல்லை. செய்தவர் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைப்பார்கள். நான் பக்கத்தில் நிற்பேன். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படியே இருந்திருக்கும். கீழத்தெருவில் ஒரு அக்கா, மகன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போயிருந்த அன்றைக்கு, மனசு தாங்காமல் உங்கள் கல்லின் மேல் ஒரு சூடத்தை ஏற்றிவிட்டார். பையன் தேறிவிட்டான். அவ்வளவுதான், மறு வாரமே கல்லுக்கு மஞ்சள் துணி வந்துவிட்டது. பிறகு வேல் வந்தது, மணி வந்தது, மேலே தகரக் கொட்டகை வந்தது. ஆடி மாதம் கிடா வெட்டுகிறார்கள். தா.பழூர் பக்கத்தில் ரோட்டில் ஓடிப் பழகுகிற பையன்கள் எல்லாம் உங்களைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஓடுகிறார்கள். அற்பாயுசில் அடிபட்டுச் செத்த ஆம்பிளை ஊருக்குக் காவலாக நிற்பான் என்பது நம் பக்கத்து நம்பிக்கைதானே. நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், வாய்க்கால் மேட்டில் நிற்கும் அந்தப் பெயர் தெரியாத கல்லும் அப்படி யாரோ ஒருத்தர்தான் என்று. இப்போது நீங்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டீர்கள்.

உங்கள் தம்பிதான் பூசாரி. குடித்துக் கெட்டுப்போய்க்கொண்டிருந்தவர், உங்களுக்குப் பூசை செய்ய ஆரம்பித்ததும் விட்டுவிட்டார். அதற்காக உங்களுக்கு நானும் ஒரு சூடம் ஏற்றலாம். ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டேன், "உங்க அண்ணன் மனுசங்க தம்பி. அவரை எதுக்கு இப்படிக் கல்லாக்கி வெச்சிருக்கீங்க?" என்று. அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மனுசனா இருந்தா செத்துப்போனவருதான் அண்ணி. சாமியா இருந்தா தெனம் வந்து பேசலாம்ல."

உங்களிடம் உத்தரவு கேட்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். கொட்டகையின் சட்டத்தில் இருக்கும் பல்லி சத்தம் கொடுத்தால் நீங்கள் சரி என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். நிலம் வாங்குவது, வெளிநாடு போவது, பெண் கொடுப்பது எல்லாவற்றுக்கும் பல்லிதான். இதைக் கேட்டு நீங்கள் எப்படி முழிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று உங்களிடம் உத்தரவு கேட்க வந்தது நம் மகளுக்காக. அபி ஒரு பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். பையன் பட்டாளத்தில் இருக்கிறான்.

*

நல்ல பையன். பெயர் மணிமாறன். கீழப்பழுவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அவன் அப்பாவைத் திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அந்த வார்டில் நம் அபிதான் நர்ஸ். அப்படி ஆரம்பித்தது. குணத்தில், குடும்பத்தில், பார்வையில் ஒன்றும் சொல்வதற்கில்லை. உத்தியோகம் ஒன்றுதான் எனக்கு ஆகவில்லை. அவள் போனில் முதலில் சொன்னபோது, "ஊர்ல வேற மாப்பிள்ளையே இல்லையாடி?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா என்னவோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்த்தார்.

அபிக்கு உங்கள் வாய் இல்லை, என் வாய். "நீ கட்டிக்கிட்டியே?" என்றாள்.

"எனக்கு அப்ப என்னடி தெரியும்?"

"இப்பத் தெரியும்ல? இப்பத் தெரிஞ்சே சொல்லு. திரும்ப ஒரு தடவ உன்னக் கேட்டா, அப்பாவ வேணாம்னு சொல்லிடுவியா?"

நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. பதில் என்னவென்று எனக்கே தெரியவில்லை.

அன்றைக்கு முழுக்க உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டு ஓரம் இருந்த எங்கள் வீட்டுக்கு நீங்கள் பெண் பார்க்க வந்தது. என் அப்பாவுக்கு மனசே இல்லை. "பட்டாளத்துக்காரனுக்குக் குடுத்தா பொண்ணு பாதி நாளு ஒத்தையில கெடக்கணும்" என்று அம்மாவிடம் அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தீர்கள். பெரியவர்கள் தேதி பேச ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் நடுவில் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்து, "ஒங்களுக்குச் சம்மதமாங்க?" என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் அதுவரை எந்தப் பெண்ணையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. தலையை ஆட்டினேன். அப்பாவே பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார்.

அந்தக் கேள்விக்காகத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். அதே குணம் என்னைப் பாடாய்ப் படுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

கல்யாணமான பிறகு உங்கள் முதல் லீவு. அரியலூர் ஸ்டேஷனில் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இறங்கினீர்கள். அழைத்துப் போக உங்கள் தம்பியோடு நானும் வந்திருந்தேன். எல்லோரும் பார்க்கிறார்களே என்று என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், தம்பியிடமே நாற்று நட்டாச்சா, கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டு வந்தீர்கள். ஜெயங்கொண்டம் பஸ்ஸில்தான் அந்தப் பீடிக்காரரோடு சண்டை. "அணைங்க பெரியவரே, பொம்பளைங்க இருக்காங்க" என்றீர்கள். பொம்பளைங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, இருமிக்கொண்டிருந்தது நீங்கள்தான். நான் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அன்று சாயங்காலம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த நம் அறையில் உத்தரத்திலிருந்து ஒரு பல்லி உங்கள் தோளில் விழுந்தது. ஐயோ, நீங்கள் போட்ட கூச்சலை எப்படி மறப்பேன். ஒரே தாவலில் கட்டில் மேல் ஏறிக்கொண்டு, "அதை வெளிய போவச் சொல்லு, வெளிய போவச் சொல்லு" என்கிறீர்கள். நான் துடைப்பத்தை எடுத்து விரட்டிவிட்டு, "எல்லையில பல்லியே கெடையாதா?" என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். தம்பியிடம் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். நான் இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பல்லிதான் இப்போது உங்கள் வாயாக இருக்கிறது என்பதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

லீவு முடிந்து போன பிறகு எல்லாம் இன்லேண்ட் லெட்டர்தான். கறவை மாட்டை விற்றுவிடலாமா என்று எழுதினால் ‘உன் இஷ்டம்’ என்று வரும். கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போடலாமா, ‘உன் இஷ்டம்’. குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம், அதற்கும் ‘உன் இஷ்டம்’. ஒருதடவை எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் இஷ்டத்தைக் கேட்கவில்லை, துணைக்கு ஒரு வார்த்தை கேட்கிறேன் என்று எழுதினேன். அடுத்த முறை தா.பழூர் எஸ்.டி.டி. பூத்துக்கு என்னை வரச் சொல்லி போன் செய்தீர்கள். "நீ எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும்னு அர்த்தம்டி அதுக்கு" என்றீர்கள். லைன் கொரகொரவென்றது. நான் சமாதானம் ஆகிவிட்டதாகச் சொன்னேன். ஆகவில்லை. அபிக்குக் காது குத்தியபோது, காய்ச்சலில் அவளைத் தூக்கிக்கொண்டு ஜெயங்கொண்டத்துக்கு ஓடியபோது, எல்லாம் தனியாகத்தான் முடிவெடுத்தேன். இப்போது ஊரில் எல்லோரும், அவர் போன பிறகு நீ தனியாகக் கஷ்டப்பட்டாய் என்கிறார்கள். நீங்கள் இருந்தபோதும் நான் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தத் தனிமைக்கு ஒரு லீவு தேதி இருந்தது.

கடைசி லீவில் அபி உங்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். நடப்பதைப் பார்க்க அடுத்த தடவை வந்துவிடுவேன் என்றீர்கள். அதற்குள் பனிமலையில் சண்டை என்று ரேடியோவில் சொன்னார்கள். ஒரு மத்தியானம் ஜீப் வந்தது. பிறகு பெட்டி வந்தது, கொடி வந்தது. அரியலூரிலிருந்து ஊர் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்காரர்கள்கூட வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்றார்களாம். முகம் தெரியாத ஆண்கள் எல்லாம் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். நான் அழுவதற்கு அங்கே இடமே இருக்கவில்லை.

டெல்லியில் பதக்கம் வாங்கப் போனது இன்னும் மோசம். அவ்வளவு பெரிய சபை. நான் கைகூப்பி நிற்கிறேன், நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்று இந்தியில் வாசிக்கிறார்கள். எல்லோருக்கும் புரிகிறது. பெண்டாட்டிக்கு மட்டும் ஒரு வார்த்தை புரியவில்லை. உங்கள் பெயர் வருகிற இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். அப்புறம்தான் துணைக்கு வந்த தமிழ் அதிகாரி ஒருவர் காரில் வைத்துச் சொன்னார். காயம் பட்டவர்களை இழுத்து வந்து பாறை மறைவில் கிடத்திவிட்டீர்களாம். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். இன்னும் ஒரு பையன் அங்கே கிடக்கிறான் என்று திரும்பப் போனீர்களாம். போக வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். "ரொம்பப் பெருமைப்படணும்மா நீங்க" என்றார் அவர். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தக் காரிலேயே உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. மாட்டை விற்பதற்குக்கூட உங்களை ஒரு வார்த்தை கேட்டேனே, நீங்கள் யாரைக் கேட்டுவிட்டுப் போனீர்கள்?

*

பிறகு எனக்கு அரசாங்கத்தில் வேலை கொடுத்தார்கள். பெரம்பலூருக்கு அபியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். துறைமங்கலத்தில் வாடகை வீடு. ஆபீஸில் முதல் வருஷம் என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. யாராவது வந்தால், "இவங்கதான் அவரோட மனைவி" என்று காட்டுவார்கள். நான் எழுந்து கும்பிடுவேன். மெதுவாக அது மறந்து, சீட்டுக்கு உரிய ஆளானேன். அபி படித்தாள், திருச்சிக்குப் போனாள். வீட்டில் நானும் டிவியும் மட்டும் ஆனோம். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எவ்வளவு குறைத்து வைத்தாலும் மிஞ்சிவிடுகிறது.

இப்போது இந்தக் கல்யாணம். போனை வைத்துவிட்டேனே தவிர, அபி விடுகிறவள் இல்லை. அவள் மறுபடி மறுபடி பேசப் பேச, நான் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் பட்டதையே அவளுக்கும் கொடுக்கச் சொல்கிறாள், அதுவும் என் கையாலேயே. மணிமாறன் வீட்டிலிருந்து சேதி வந்தது: எங்களுக்குப் பரிபூரண சம்மதம், மிலிட்டரி சாமியிடம் உத்தரவு மட்டும் கேட்டுவிடுவோம் என்று. உங்கள் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணன் குடுத்துவெச்சவரு அண்ணி. அவரு ரத்தம் திரும்ப ஒரு பட்டாளத்துக்காரன் வூட்டுக்கே போவுது" என்றார். ஊரே அதைத்தான் சொன்னது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல்லியிடம் கேட்கப் போகிறார்களாம்.

நேற்று அதற்காகத்தான் போனோம். அபி முந்தின நாளே வந்திருந்தாள். பஸ்ஸில் அரியலூர் தாண்டுகிற வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல வழியெல்லாம் லாரிப் புழுதி. கொட்டகையில் மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு காத்திருந்தார்கள். மணிமாறனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, "அவசரப்பட்டுச் சொல்லிட்டனோ?" என்று தானே சிரித்தார். எனக்கு அந்தம்மாவைப் பிடித்துப்போய்விட்டது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

உங்கள் தம்பி சூடம் காட்டினார். தம்பி மனைவி எல்லோருக்கும் விபூதி குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வரும்போது விபூதியை மட்டும் நீட்டுவாள். எப்போதும் அப்படித்தான். அவள் கெட்டவள் இல்லை, முறை அப்படி. ஊருக்கெல்லாம் நீங்கள் உயிரோடு இருக்கிற சாமி, எனக்கு மட்டும் செத்துப்போன புருஷன். உங்கள் கோயிலில் எனக்குக் குங்குமம் கிடையாது.

"அண்ணே," என்று உங்கள் தம்பி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "ஒம் பொண்ணு வாழ்க்க. நல்லதா இருந்தா ஒரு சொல்லு குடு."

எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பல்லி எனக்கு நேராகச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கொழுத்த பல்லி. ஒரு பூச்சியைப் பார்த்தபடி இருந்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. யாரோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. மணிமாறனின் அம்மா முகத்தில் மெல்ல மெல்லக் கலவரம் தெரிந்தது. அபி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "சாமி யோசிக்கிறாரு. அமாவாசைக்கு வந்து கேட்டுக்குவோம்" என்றார். "சகுனம் சரியில்லையோ என்னமோ" என்று இன்னொரு குரல் கேட்டது.

நான் நினைத்திருந்தால் அப்படியே விட்டிருக்கலாம். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் பல்லி எனக்காகச் சொல்லிவிட்டது. பழி உங்கள் மேல் போயிருக்கும்.

அப்போது மணிமாறன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான். கும்பிடப் போகிறான் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவன் சுருட்டையும் பாட்டிலையும் தாண்டி, உங்கள் கல்லுக்கு நேராக நின்று, குதிகால் இரண்டையும் சேர்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். தன் பெயரையும் ரெஜிமென்ட்டையும் சொன்னான். "லீவுல வந்திருக்கேன் சார்" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

எவ்வளவு வருஷம் கழித்து ஒருவர் உங்களை மனுஷனாக நினைத்துப் பேசுகிறார்!

கையை இறக்கிவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான். "சாமிகிட்ட எல்லாரும் கேட்டாச்சு அத்தை. நான் ஒங்களத்தான் கேக்கணும்" என்றான்.

எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை, வாயில் இதுதான் வந்தது: "நீ பாட்டுக்கு அங்க போயிடுவ தம்பி. இங்க ஒரு முடிவு எடுக்கணும்னா எம் பொண்ணு யாரப் போயி கேப்பா?"

அவன் யோசித்தான். "அங்கேருந்து நான் என்னத்தச் சொல்ல முடியும் அத்தை? அவ எடுக்கறதுதான் முடிவு. ஆனா அது தப்பாப் போச்சுன்னா, அதுல பாதி என்னோடதுன்னு வெச்சுக்குவேன். அவள ஒத்தையா நிக்க விடமாட்டேன்" என்றான்.

பாருங்கள், இதைத்தான் நான் அந்த எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு உங்களிடமிருந்து எதிர்பார்த்தேன். உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மனசில் இருந்திருக்கும், அது எனக்குத் தெரியும். இந்தப் பையனுக்குச் சொல்லவும் தெரிந்திருக்கிறது.

"எனக்குச் சம்மதம்" என்றேன்.

அபி சடாரென்று நிமிர்ந்து பார்த்தாள். உங்கள் தம்பி பதறிப்போய், "அண்ணி, சாமி இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

"அவரு எப்ப சொல்லியிருக்காரு தம்பி? அன்னிலேருந்து எல்லாத்தையும் நான்தான சொல்லிட்டிருக்கேன்" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் தம்பியும் விபூதித் தட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். அழுதாரோ என்னவோ, கண் கலங்கியிருந்தது. மணிமாறனின் அம்மாவுக்கு இந்தக் கோயிலின் முறை தெரியாது. சந்தோஷத்தில் தன் தட்டிலிருந்த குங்குமத்தை முதலில் என்னிடம் நீட்டிவிட்டார். தம்பி மனைவியின் முகம் மாறுவதைப் பார்த்து, நீட்டிய கை பாதியில் நின்றது. நான் இரண்டு விரலால் நிறைய எடுத்தேன். அபியின் நெற்றியில் அழுத்தி வைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அபி என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் அப்படிச் சாய்ந்து ரொம்ப நாள் ஆயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கி நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலம்மா" என்றாள்.

"எதுக்கு?"

"அப்பாவத் திரும்பக் கட்டிப்பியான்னு கேட்டேன்ல?"

"அதான் அங்க எல்லார் முன்னாடியும் சம்மதம்னு சொன்னேனே. வேற எதுக்குன்னு நெனச்ச?" என்றேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு டூட்டி இருந்தது. அரியலூரில் இறங்கித் திருச்சிக்கு பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் மட்டும் பெரம்பலூர் வந்தேன். சம்பந்தியம்மா கொடுத்த பூந்திப் பொட்டலம் கையில் இருந்தது. கதவைத் திறந்து லைட்டைப் போட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். வாய் முழுக்க சேதி. சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

இதுதான் எனக்கு இத்தனை வருஷமாகப் பழகவே இல்லை. துக்கத்துக்கு எனக்கு ஆள் குறைவே கிடையாது. நீங்கள் போன அன்றைக்கு ஒரு ஜில்லாவே வந்து அழுதது, இன்றும் உங்கள் பெயரைச் சொன்னால் முன்பின் தெரியாதவர்கள்கூட உச்சுக் கொட்டுகிறார்கள். சந்தோஷத்தைத்தான் கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லை. அபி முதன்முதலாக நடந்தபோது, பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது, முதல் சம்பளத்தில் எனக்கு இந்த அரக்குப் புடவையை வாங்கி வந்தபோது, ஒவ்வொரு தடவையும் இப்படியே வந்து நின்றிருக்கிறேன். நாளைக்கு ஆபீஸில் சொன்னால் சந்தோஷப்படுவார்கள், ஸ்வீட் கேட்பார்கள். ஆனால் பெற்ற இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ‘பாத்தியா, அது எவ்ளோ பெருசாயிடுச்சு’ என்று சொல்லிக்கொள்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதில் என் பங்கு மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. உங்கள் பங்கையும் சேர்த்து நானே தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

உங்கள் தம்பியிடம் கேட்டால், அண்ணனுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும் அண்ணி, அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பார். அப்படியே இருக்கட்டும். எல்லாம் தெரிந்த சாமியிடம் சேதி சொல்லி என்ன சுகம்? எனக்கு ஒன்றும் தெரியாத ஆள்தான் வேண்டும். கேட்டதும் நம்பாமல், நிஜமாவா என்று இரண்டு தடவை கேட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கித் தம்பியைக் கூப்பிடுகிற ஆள் வேண்டும். அதனால் ஊரில் இருக்கிற சாமியை விட்டுவிட்டு, உங்களிடம் சொல்கிறேன்.

நம்ம பொண்ணுக்குக் கல்யாணம்ங்க.